செட்டாக வாங்குவதா, சில்லறையாகச் சேர்ப்பதா?

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனால் வாட்ச் பழுது பார்ப்பவர் ஒருவரின் மேசையைச் சற்று நேரம் நின்று பாருங்கள். கண்ணில் மாட்டிய லென்ஸ், ஒரு சாமணம், மூன்று நான்கு ஸ்க்ரூ டிரைவர், மூடி திறக்கும் கத்தி, ரப்பர் ஊதி. அவர் கை திரும்பத் திரும்பப் போவது இவற்றுக்குத்தான். வீட்டிலேயே செல் மாற்றலாம், பட்டை மாற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் வாங்குவதோ ஜிப் பையில் நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் அடங்கிய செட். சில நூறு ரூபாயில் எல்லாம் கிடைத்துவிடுகிறதே என்பது அவர்கள் கணக்கு. அந்தச் செட் ஒரு பக்கம், பார்த்துப் பார்த்து வாங்கிய நாலைந்து கருவிகள் மறுபக்கம் என்று வைத்து எடைபோட வேண்டும். தப்பான கருவியின் பலன் வாட்ச்சின் தலையில்தான் விடிகிறது.

நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. அப்பாவோ தாத்தாவோ கட்டிய, சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா ஒன்று. டைட்டன் மாதிரியான செல் வாட்ச் மற்றது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் பெங்களூருவில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டாட்டாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய, ஓசூரில் ஆலை வைத்த டைட்டன் இன்றும் ஓடுகிறது. கருவி வாங்கும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்க வேண்டும். செல் வாட்ச்சில் மிஷின் போனால் பெரும்பாலும் மிஷினையே மாற்றிவிடலாம். ஜனதாவில் ஒரு திருகின் தலை சிதைந்தால், இன்னொரு பழைய ஜனதாவைப் பிரித்துத்தான் மாற்றுத் திருகு தேட வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் ஸ்க்ரூ டிரைவர். மலிவான செட்டில் வருவதை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நுனியின் இரு பக்கமும் சமமாக இருக்காது, ஓரம் மழுங்கியிருக்கும். இரும்பும் மென்மை. இறுகிய திருகில் வைத்துத் திருப்பினால் நுனி முறுக்கிக்கொள்ளும். இல்லையென்றால் காடியை விட்டு வழுக்கிப் பக்கத்தில் கோடு கிழிக்கும். செல் வாட்ச்சில் அந்த வழுக்கல் காயிலில் பட்டால், தலைமுடியைவிட மெல்லிய கம்பி அறுந்து வாட்ச் நின்றே போகும். நல்ல டிரைவரின் நுனி திருகின் காடியை முழுக்க நிரப்பும், வெளியே நீட்டாது. வீட்டு வேலைக்கு 0.8, 1.0, 1.2, 1.4 மில்லிமீட்டர் என நான்கு அளவு போதும். சுவிட்சர்லாந்தின் பெர்ஜியோன் டிரைவர்களில் இந்த நான்குக்கும் முறையே மஞ்சள், கறுப்பு, சிவப்பு, சாம்பல் என்று நிறம் உண்டு. விலை கூடுதல்தான். நான்கையும் ஒரேயடியாக வாங்க முடியாதவர்கள் 1.2இல் தொடங்கலாம். கூடவே ஒரு சாணைக்கல் இருந்தால், தேய்ந்த நுனியைத் தீட்டிக்கொள்ளலாம்.

சாமணத்துக்கும் இதே சோதனைதான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். நுனிகள் முதலில் சேர வேண்டும். இன்னும் அழுத்தினாலும் விலகக் கூடாது. விலகினால் பிடித்த பொருள் தெறித்துப் போகும், தரையில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். திருகு அதில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தால் சாமணத்தில் காந்தம் ஏறியிருக்கிறது. சாவி வாட்ச்சின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாட்ச் தாறுமாறாக ஓடும். செல் எடுக்க மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் சாமணம் வேண்டும். உலோகச் சாமணம் செல்லின் இரு முனையையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

செட்டே போதும் என்ற இடங்களும் உண்டு. செயினில் கண்ணி குறைக்கும் பின் தள்ளி, பட்டையின் ஸ்பிரிங் பாரை அழுத்தும் கவை, வாட்ச்சைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் தாங்கி ஆகிய மூன்றையும் தனியாகத் தேடி அலைய வேண்டாம். ஆனால் அதே செட்டில் வரும், மரை மூடியைத் திருகித் திறக்கும் மூன்று கால் திறப்பானை மட்டும் ஒதுக்கி வையுங்கள். அதன் கால்கள் ஆடும், மூடியில் வட்டமாகக் கீறல் விழும். அதிகம் இறுகாத மரை மூடியைச் சற்றே ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பந்தை அழுத்திச் சுழற்றியே திறந்துவிடலாம். அழுத்திப் பூட்டும் மூடி என்றால் ஓரத்தில் சின்னப் பள்ளம் தேடி அங்கே கத்தியை வைக்க வேண்டும்.

செல் வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். எஸ்.ஆர்.626, எல்.ஆர்.626 இரண்டும் 6.8 மில்லிமீட்டர் அகலம், 2.6 மில்லிமீட்டர் கனம். முன்னது 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு. பின்னது 1.5 வோல்ட் ஆல்கலைன். தீரத் தீர வோல்ட் இறங்கும், கசியவும் வாய்ப்பு அதிகம். சில ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

சித்திரை வெயிலில் புழுதி ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். ஊதி வாங்கும் செலவை வீண் என்று நினைக்காதீர்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் டயலில் படியும். வாட்ச் திறந்திருக்கும் வரை மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

என் தீர்ப்பு இது. செயினும் பட்டையும் மட்டும்தான் வேலை என்றால் செட் வாங்குங்கள். வாட்ச்சின் மூடியைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் டிரைவர், சாமணம், லென்ஸ் மூன்றையும் தனியாக, கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். ஜனதாவின் மிஷினையே பிரிக்க வேண்டி வந்தால், கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.