நெடுந்தீவு: சபை உண்டு, படகு யாருடையது?

தமிழ்ச் செய்திகளில் நெடுந்தீவின் பெயர் அடிபடாத வாரம் குறைவு. ஆனால் அது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் வரும்: "நெடுந்தீவுக் கடற்பரப்பில் இந்திய மீனவர்கள் கைது". அந்தக் கடற்பரப்புக்கு நடுவே ஒரு தரை இருக்கிறது, அதில் ஆட்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபையும் இருக்கிறது என்பது செய்தியில் வருவதில்லை.

யாழ்ப்பாணத் தீவுகளில் நயினாதீவைத் தெரியாதவர்கள் இல்லை. நாகபூசணி அம்மனுக்கும் நாகதீப விகாரைக்கும் நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் நயினாதீவுக்குத் தனியாக உள்ளூராட்சி சபை கிடையாது. அது வேலணைப் பிரதேச சபைக்குள் அடங்குகிறது. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்துறையின் கீழ் வருகின்றன. பாலமோ தாம்போதியோ இல்லாமல் கடலைத் தாண்டித்தான் போகவேண்டிய தீவுகளில் தனக்கென்று பிரதேச செயலகமும் பிரதேச சபையும் வைத்திருப்பது நெடுந்தீவு மட்டுமே. ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். யாழ் மாவட்டத்தின் பிரிவு இலக்கங்களே இங்கிருந்துதான் தொடங்குகின்றன: ஜே/01 நெடுந்தீவு மேற்கு. கொழும்பிலிருந்து பார்த்தால் கடைசி ஊர், மாவட்டப் பட்டியலில் முதலாவது.

பெயரிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களை இந்தத் தீவுகளுக்கு வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம். இவையெல்லாம் பழைய வரைபடங்களோடு போய்விட்டன. டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றும் அரச ஆவணங்களில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நெடுந்தீவு டெல்ஃப்ட்தான். அதற்கு முன் வந்த போர்த்துக்கேயர் இதைப் பசுத்தீவு என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். பால், நெய்க்குப் பெயர்போன இடம் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

சுற்றுலாப் பயணிகள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்: கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், பெருக்குமரம், ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, சுவர்கள் மட்டும் எஞ்சிய கோட்டை, காரை இல்லாமல் பவளக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள். வெடியரசன் கோட்டை என்று மக்கள் சொல்லும் இடத்தில் தூபிகளின் எச்சங்களும் உள்ளதால், அது யாருடைய வரலாறு என்ற வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. இவற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதிகம் எழுதப்படாதது, இந்தத் தீவு தன்னைத்தானே ஆள எவ்வளவு முடியும் என்பது.

பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானவை. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகிய மூன்றும்தான் அவற்றின் அடிப்படைப் பொறுப்பு. உள்வீதி, தெருவிளக்கு, குப்பை, சந்தை, நூலகம், மயானம். சோலைவரி, அனுமதிக் கட்டணங்கள், வாடகைகள் என்று வருமானம் திரட்டலாம். 2012 கணக்கெடுப்பில் நாலாயிரத்துக்கும் குறைவான மக்கள் இருந்த தீவில், பாதி வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வெளிநாட்டிலும் இருக்கும்போது, சோலைவரி எவ்வளவு தேறும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சபை இருந்தும் தேர்தல் ஒழுங்காக நடந்ததில்லை. போர்க்காலத்தில் 1998 ஜனவரியில் யாழ் மாவட்ட உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2011 இல், இடையில் 13 ஆண்டுகள். பின்னர் 2018 இல். அந்தச் சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. நாடு முழுவதும் தேர்தல் பிற்போடப்பட்டதால் 2025 மே 6 வரை மக்கள் வாக்களிக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் அதிகாரிகளே சபையை நடத்தினார்கள். உள்ளூராட்சி மாகாணத்தின் பொறுப்பு. வட மாகாண சபையோ 2018 ஒக்டோபருக்குப் பிறகு கூடவே இல்லை. ஆக, தீவின் சபைக்கு மேலே இருக்கவேண்டிய தேர்ந்தெடுக்கப்பட்ட தட்டும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் சார்க் என்றொரு தீவு உண்டு. பரப்பளவு சுமார் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர், மக்கள் சில நூறு பேர். கார் ஓடக்கூடாது என்பது உட்படத் தன் சட்டங்களைத் தானே இயற்றிக்கொள்கிறது, வரியையும் தானே தீர்மானிக்கிறது. அங்கேயும் முழுமையான சனநாயகத் தேர்தல் 2008 இல்தான் முதல்முறை நடந்தது என்பது வேறு கதை. நெடுந்தீவு அதைவிட ஒன்பது மடங்கு பெரியது, சுமார் 50 சதுர கிலோமீட்டர். ஆனால் குறிகட்டுவானிலிருந்து காலையில் படகு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்பதைக்கூட இந்தச் சபை தனியாக முடிவெடுக்க முடியாது.

படகுதான் இங்கே எல்லாம். குறிகட்டுவான் இறங்குதுறை புங்குடுதீவில் இருக்கிறது, அது வேலணைச் சபையின் எல்லை. அங்கிருந்து சுமார் ஒரு மணிநேரக் கடற்பயணம். குமுதினியும் வடதாரகையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. சட்டத்தின் பார்வையில் இந்தக் கடல் ஒரு வீதி, படகு அதன் மேல் ஓடும் பாலம். தனியார் படகுகளும் ஓடுகின்றன. அவசர நோயாளியை இரவில் ஏற்றிச்செல்லப் பல சமயம் கடற்படையின் படகையே எதிர்பார்க்க வேண்டும்.

அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு 1985 மே 15 ஐத் தெரிந்திருக்க வேண்டும். அன்று காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. கைக்குழந்தை உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. ஒவ்வொரு மே 15 உம் மாவிலித்துறையில் அவர்களை நினைவுகூருகிறார்கள். குமுதினி பிறகும் அதே பெயரோடு அதே கடலில் ஓடியது. நெடுந்தீவாருக்கு வேறு வழி இருக்கவில்லை.

2017 இல் ஒரு புதிய விடயம் நடந்தது. அவுஸ்திரேலிய நிதியுதவியுடன் கட்டப்பட்ட நெடுந்தாரகை என்ற பயணிகள் படகு நெடுந்தீவுப் பிரதேச சபையிடமே ஒப்படைக்கப்பட்டது. உழவு இயந்திரமும் தண்ணீர்க் பவுசரும் வைத்திருக்கும் சபைகள் நிறைய உண்டு. கப்பல் வைத்திருக்கும் சபையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. தீவுக்குத் தேவையானதைத் தீவின் சபையிடமே கொடுத்த நல்ல முடிவு அது. ஆனால் படகைக் கொடுப்பது ஒருமுறைச் செலவு. எரிபொருள், மாலுமி, இயந்திரப் பழுது, ஆண்டுதோறும் கரையேற்றித் திருத்துவது எல்லாம் ஒவ்வொரு மாதமும் வரும் செலவு. சோலைவரியை நம்பி அதை ஓட்டமுடியாது.

நிலமும் முழுதாகச் சபையின் கையில் இல்லை. 2015 இல் 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் இப்போது வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ். குதிரைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் அதே புல்வெளியில்தான் தலைமுறைகளாக மாடு ஆடு மேய்த்தவர்களும் இருக்கிறார்கள்.

மின்சாரக் கதை இன்னும் பெரியது. தேசிய மின்தொகுதியோடு இணைப்பில்லாத தீவு, டீசல் மின்பிறப்பாக்கிதான் வெளிச்சம் தந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியசக்தியும் காற்றும் கலந்த திட்டத்தை 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கத் தீர்மானித்தார்கள். தமிழ்நாட்டுக் கரைக்கு இத்தனை கிட்டவா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சீனத் தரப்பு நிறுத்திக்கொண்டது. பிறகு இந்தியாவே சுமார் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் பொறுப்பெடுத்தது, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று. மூன்று தீவுகளின் மின்குமிழ்களுக்காக இரண்டு வல்லரசுகள் முட்டிக்கொண்டன. தீவாரிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் வருகிறது. 1974 ஒப்பந்தத்துக்குப் பின் தமிழ்நாட்டு மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் பெயர் அது. 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் அங்கே போய் இறங்கினார். ஆட்கள் நிரந்தரமாக வசிக்காத, ஆண்டுக்கொருமுறை அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் நிறையும் தீவு. டில்லியும் கொழும்பும் சென்னையும் பேசும் அந்த 285 ஏக்கர், நிர்வாகக் கோப்பில் நெடுந்தீவின் ஒரு துண்டு.

ஆட்கள் இருக்கும் துண்டில் இப்போதைய கேள்வி நன்னீர். அடியில் சுண்ணக்கல், சுற்றிக் கடல். சாராப்பிட்டிக் கிணறுகளைப் போல நல்ல தண்ணீர் தரும் இடங்கள் சிலவே. மற்ற இடங்களில் கோடை தொடங்கினால் கிணறு உவர்க்கும், பவுசர் வரும் நாளைப் பார்த்து வாளிகள் வரிசையில் நிற்கும். அந்தப் பவுசருக்கு டீசலும் அதே படகில்தான் வரவேண்டும்.