அச்சும் ஒளிபரப்பும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மை வார்ப்பதைக் கவனியுங்கள். களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றியதும் அச்சு நீரை உறிஞ்சுகிறது. உட்சுவரில் மண் மெல்லப் படிகிறது. உரிய கனம் வந்ததும் மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். சுற்றி நாற்பது மாணவர் நின்றால் முன்னால் இருப்பவர்களுக்குத்தான் மண் படியும் அந்த விளிம்பு தெரியும். கேமரா எல்லோருக்கும் காட்டிவிடும். வகுப்பறைக்குள் படம் வருவதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் காட்டுவது மட்டுமே கற்பிப்பதாகாது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியே இஸ்ரோ நடத்திய ‘சைட்’ தொலைக்காட்சித் திட்டம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. தமிழ்நாடு அதில் இல்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி. விடுமுறையில் அதே பெட்டி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி தந்தது; திட்டத்தின் சிறந்த யோசனை அதுதான். 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கிய தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டே பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டப்பட்டபோது வீடுகளுக்குப் பாடம் கொண்டுபோனது. பேருதவிதான், ஆனாலும் புரியாத பிள்ளை கேள்வி கேட்க அங்கே ஆளில்லை. பெட்டி ஆசிரியரை விரட்டிவிடும் என்று அஞ்சியவர்களுக்கு அதுவே பதில்: 2021இல் பிள்ளைகளுக்கு நேரில் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்துக்காக அரசு தன்னார்வலர்களைத் தேட வேண்டியிருந்தது. பட்டறையிலும் தொட்டுப் பழகாமல் தொழில் வருமா என்பார்கள். வராது, அச்சைப் பிரிக்கும் பதம் விரலுக்குத்தான் தெரியும். ஆனால் எரியும் சூளைக்குள் எந்த விரலும் போகாது. பீங்கான் மேல் பூசிய கிளேஸ் உருகிப் படர்வதை மாணவர் பார்க்கப் படம்தான் வழி.