ஹிகோனோகமி: ஜப்பானின் மடக்குக் கத்தி

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் உள்ள மிகி நகரில் 1890களில் உருவானது ஹிகோனோகமி என்னும் மடக்குக் கத்தி. மடித்த பித்தளை அல்லது இரும்புத் தகடே அதன் கைப்பிடி. விரித்தால் பூட்டிக்கொள்ளும் வசதி இல்லை. பின்புறம் நீண்டிருக்கும் சிறு நாக்கைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் பென்சில் சீவினர். 1960களில் பிள்ளைகளிடம் கத்தி கொடுப்பதற்கு எதிர்ப்பு எழ, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று அப்பெயருக்கு உரிமையுள்ள பட்டறை ஒன்றே ஒன்று.

இதைச் சேகரிப்போர் கவனிக்க: மலேசியாவின் 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் ஆயுதமாகக் கருதப்படலாம். தகுந்த காரணமின்றிப் பொது இடத்துக்கு அதைக் கொண்டு சென்றால் சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம். சேகரித்த கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.