கோர்ட்டும் கந்தகமும் – 9: இரண்டு முறை வந்த கையெழுத்து

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1923-ல் சிவகாசி திரும்பிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் டெல்லிக்குப் போவோம்.

குல்தீப் சிங், பஞ்சாபின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். எந்த உயர் நீதிமன்றத்திலும் நீதிபதியாக உட்காராமல், 1988 டிசம்பரில் வக்கீல் கோட்டிலிருந்து நேரே உச்ச நீதிமன்ற நாற்காலிக்குப் போனார். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிரான வேலூர் வழக்கில், மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் எழுதியவர் அவர்தான். ‘பசுமை நீதிபதி’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

சிவகாசி வழக்கு அதற்கு முன்பே தொடங்கியது. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட மனு அது. அன்று தீப்பெட்டி ஆபீஸில் பிள்ளை செய்த வேலை பார்க்க லேசானது: மருந்து முக்குவதற்கு வாகாகக் குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியிருந்தது. எத்தனை சட்டமோ அத்தனைக்குத்தான் கூலி. சின்ன விரலுக்கு வேகம் அதிகம் என்ற நினைப்பே அந்த விரலுக்கு வினையானது.

1990-ல் வந்த முதல் தீர்ப்பு பாதிக் கதவைத் திறந்தே வைத்தது. தயாரிப்பு நடக்கும் இடத்தில் பிள்ளைகள் கூடாது; அங்கிருந்து விலகிய இடத்தில் பெட்டிகளை அடைத்துக் கட்டலாம்; பெரியவர் கூலியில் 60 சதவீதமாவது தர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலை விபத்து. நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது.

1996 டிசம்பர் 10. குல்தீப் சிங், ஹன்சாரியா, மஜ்முதார் அடங்கிய அமர்வின் தீர்ப்பு வந்தது, எழுதியவர் ஹன்சாரியா. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலையை அரசு பார்த்துத் தர வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். முதல் அப்படியே கிடக்கும். வட்டி மட்டும் வீட்டுக்கு வரும். பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். கூலி போய்விடுமே என்ற தாயின் கவலைக்கும் அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தவரின் பெயரில்தான், காமராஜர் மாவட்டம் என்று, அப்போது இந்த மாவட்டமே இருந்தது.

மறுநாளே, கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் குல்தீப் சிங் தீர்ப்பளித்தார். 30-ம் தேதி, தாஜ் மகாலைக் கரிப்புகையிலிருந்து காக்கும் தீர்ப்பு. 31-ம் தேதி ஓய்வு.

சிவகாசிக்கும் அவருக்குமான கணக்கு அதோடு முடியவில்லை. 2002-ல் அமைந்த தொகுதி மறுவரையறை ஆணையத்துக்கு அவரே தலைவர். 2008-ல் புது வரைபடம் அமலுக்கு வந்தபோது, 1967 முதல் இருந்த சிவகாசி நாடாளுமன்றத் தொகுதி மறைந்து விருதுநகர் தொகுதி பிறந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசிப் பக்கம் போயின; மதுரைப் பக்கத்துத் திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் இங்கே சேர்ந்தன. 1998, 1999 தேர்தல்களில் சிவகாசியில் வென்ற வைகோ, 2009-ல் புதிய விருதுநகரில் மாணிக்கம் தாகூரிடம் தோற்றார்.

தொகுதி போனதை இந்த ஊர் அரசியல்வாதிகள் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதை வரைந்த ஆணையத்தின் தலைவர்தான் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கான தீர்ப்பிலும் கையெழுத்திட்டவர் என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். ஒரு கையெழுத்து நாடாளுமன்றப் பட்டியலிலிருந்து ஊரின் பெயரை எடுத்தது. இன்னொன்று பிள்ளைகளின் பெயரைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. ஊர் எதை முதலில் நினைக்க வேண்டும்?

2018-ல் சரவெடிக்குத் தடை வந்தபோது சிவகாசி மீண்டும் டெல்லியைப் பார்த்து நின்றது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)