பிள்ளையை அளந்த கதை

எங்களூர் ஓதப் பள்ளியில் பரீட்சை என்று ஒன்று இருந்ததில்லை. லெப்பை பாயில் இருப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராய்ப் போய் முதல்நாள் பாடத்தை ஓதிக் காட்ட வேணும். சரியென்றால் அடுத்த பாடம், பிழைத்தால் பழையதே. அலிஃப், பே சொல்பவனும் யாசீன் சூறாவில் நிற்பவனும் ஒரே பாயில்தான். இதைப் பெருமையாக மட்டும் சொல்லவும் ஏலாது. பிரம்பும் அந்தப் பாயிலேதான் கிடந்தது. கடுமை பிள்ளையைச் சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளும் என்று இப்னு கல்தூன் 1377இல் முகத்திமாவில் எழுதியது எங்கள் லெப்பையின் காதுக்கு எட்டவில்லை. பொருள் விளங்கியதா என்றும் யாரும் கேட்கவில்லை. நாவு சரியாகப் புரண்டால் போதும்.

பிள்ளையைப் பணத்தோடு சேர்த்து அளக்கும் முறை கப்பலேறி வந்தது. 1862இல் ரொபர்ட் லோ இங்கிலாந்தில் கொண்டுவந்த விதிப்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று பிள்ளை சித்தியடைவதைப் பொறுத்தே பாடசாலைக்கு அரசாங்கப் பணம். மத்தியூ ஆர்னோல்ட் தாமே பரிசோதகராயிருந்தும் இதை எதிர்த்தார். கற்பித்தல் யந்திரமாகிவிடும் என்பது அவர் கவலை. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உண்டாகி, உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கு அதே அளவுகோல் வந்தது. வித்தியாதரிசி வரும் நாளுக்காகவே வருஷம் முழுக்க மனனம். மெதுவாகப் படிக்கும் பிள்ளை அப்போது பிள்ளையல்ல, நட்டக் கணக்கு.

உதவி பெற்றவற்றுள் பெரும்பாலானவை மிஷன் பாடசாலைகள். மார்க்கம் போய்விடும் என்ற பயத்தில் நம்மவர் ஒதுங்கி நின்றார்கள். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கி, பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று மன்றாடியது இந்தக் காலத்தில்தான். அவர் மன்றாடியது சரி. ஆனால் கல்வியோடு சேர்ந்து அந்த அளவுகோலும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

1940களில் கன்னங்கராவின் மத்திய கல்லூரிகளுக்கு ஏழைக் கிராமத்துப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வந்தது புலமைப்பரிசில் பரீட்சை. கைதூக்கிவிட வந்த அதுவே இன்று பத்து வயதுப் பிள்ளையை வெட்டுப்புள்ளிக்கு மேல், கீழ் என்று பிரிக்கிறது. 1990களின் இறுதிச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாக்கி, அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வகுத்து, விளையாடும்போதும் பேசும்போதும் பிள்ளையைப் பார்த்துக் கணிக்கச் சொன்னது. நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் அந்தப் பதிவேட்டை நிரப்புவது லேசல்ல. கடைசி வாரத்தில் ஒரே இருப்பில் புள்ளடி போட்டவர்களில் நானும் ஒருவன்.

போன தவணை, வாய் திறவாதிருந்த ஒரு மூன்றாம் தரத்துப் பையன் கடலுக்குப் போன வாப்பாவைப் பற்றி ஐந்து வசனம் தானாகச் சொன்னான். பெற்றார் கூட்டத்தில் அவன் உம்மாவிடம் அதைச் சந்தோஷமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அது சரி சேர், அவன் எத்தனையாம் பிள்ளை?” என்றார்.