எதிர்நாயகனின் தகுதி: சித்தன்னவாசல் பார்சுவநாதரும் தமிழ்த் திரையின் வில்லன்களும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சமணக் குடைவரையான சித்தன்னவாசல் அறிவர் கோயில் இருக்கிறது. உள்ளே நுழைபவர் முதலில் விதானத்தையே அண்ணாந்து பார்ப்பார். தாமரைக்குளம், மீன்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் பவ்வியர்கள் (வீடுபேற்றுக்கு உரிய அன்பர்கள்) என 9ஆம் நூற்றாண்டு ஓவியத்தின் எச்சம் அங்கே இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்குடைவரையைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. நம் பொருளுக்கு உரியது அந்த ஓவியம் அன்று; அர்த்தமண்டபத்தின் தென்சுவர் மாடத்தில் தியானத்தில் அமர்ந்திருக்கும் பார்சுவநாதர் சிற்பம். அவர் தலைக்குமேல் ஐந்தலை நாகம் படம் விரித்திருக்கிறது.

அந்தப் படம் ஏன் விரிந்தது? ஒருவன் தாக்கினான் என்பதால். தாக்கியவன் கமடன். சித்தன்னவாசலில் அவன் உருவம் இல்லை. ஆனால் அவனை நீக்கிவிட்டால் நாகப்படத்துக்கு வேலையில்லை. நாகப்படம் இல்லையென்றால் அமர்ந்திருப்பவர் 24 தீர்த்தங்கரரில் எவர் என்று நமக்குத் தெரியாது. கழுகுமலையில் இதே காட்சியைச் செதுக்கிய சிற்பி, பாறையைத் தூக்கி எறிய ஓங்கும் கமடனையும், பின் பணிந்து விழும் கமடனையும் சேர்த்தே காட்டினான். சித்தன்னவாசல் சிற்பி பகைவனை விட்டுவிட்டு, அந்தப் பகை நாயகன் மேனியில் பதித்த அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டான். திரைப்பட வில்லனை மதிப்பிட இதைவிடக் கூர்மையான அளவுகோல் எனக்குத் தென்படவில்லை. எந்த வில்லனை எடுத்துவிட்டால் நாயகனையே அடையாளம் காண முடியாமல் போகிறதோ, அவனே பெரிய வில்லன். குரல், சிரிப்பு, உடை, கொடுமையின் அளவு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கமடன் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கமடனும் மருபூதியும் உடன்பிறந்தவர்கள். தம்பி மனைவியிடம் தவறிய கமடனை அரசன் நாடுகடத்துகிறான். அவமானத்தோடு அவன் காட்டில் கல்லைத் தூக்கிப் பிடித்துத் தவம் செய்கிறான். அண்ணனோடு பகை தீரட்டும் என்று தேடிவந்து காலில் விழுகிற மருபூதியின் தலைமீது அந்தக் கல்லையே போடுகிறான். அடுத்த பிறவியில் தம்பி யானை, அண்ணன் அதைக் கடித்துக் கொல்லும் பாம்பு. இப்படிப் பிறவிதோறும் தொடர்ந்து, மருபூதி பார்சுவராகப் பிறக்கும்போதும் பகை விடவில்லை. அப்பிறவியில் தவசியாக வந்தவன் மூட்டிய தீயில், ஒரு கட்டைக்குள் இரண்டு பாம்புகள் வேகின்றன. அவையே பின்னர் தரணேந்திரனும் பத்மாவதியுமாகப் பிறந்து பார்சுவரைக் காக்கின்றன. நாயகன் தலைமேல் நிற்கும் காவலும் பகைவனின் செயலிலிருந்து வந்ததே. இவ்வளவு இறுக்கமாக நாயகனையும் எதிரியையும் முடிச்சுப்போட்ட திரைக்கதை அரிது.

சமணம் இதைக் கதையாக மட்டும் விடவில்லை, கொள்கையாகவும் வகுத்தது. அதன் புராண வரலாற்றில் பெருமக்கள் 63 பேர்: தீர்த்தங்கரர் 24, சக்கரவர்த்திகள் 12, பலதேவர், வாசுதேவர், பிரதிவாசுதேவர் ஒன்பது ஒன்பது பேர். பிரதிவாசுதேவர் என்பவர்கள் வாசுதேவர்களின் எதிரிகள். இராவணனும் சராசந்தனும் அந்த வரிசையில் வருகிறார்கள். எதிரியைப் பெருமக்கள் பட்டியலுக்குள்ளேயே வைத்த இந்தத் துணிவைத் திரைக்கலை ஆராய்பவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. பிரதிவாசுதேவன் நாயகனுக்குச் சமமான ஆற்றலும் புகழும் உடையவன். தான் எறியும் சக்கரம் தன்மீதே திரும்பிவர மடிகிறான். அவனைக் கொன்ற வாசுதேவனும் அந்தக் கொலைக்காக நரகம் புகுகிறான். சமண இராமாயணங்களில் இராவணனைக் கொல்பவன் இலக்குவன், அவனுக்கும் நரகமே. கொல்லாத இராமன் முத்தி அடைகிறான். சித்தன்னவாசல் ஓவியம் தீட்டப்பட்ட அதே நூற்றாண்டில் குணபத்திரர் எழுதிய உத்தரபுராணத்தில் சீதை இராவணனின் மகள். பகைக்குள் இரத்த உறவை வைக்கும் அந்தப் பழைய வழக்கம் அங்கும் தொடர்கிறது.

இதனோடு கஷாயங்களைப் பற்றிய போதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கும் உயிரைக் கட்டுகின்றன. சினத்தின் தரத்தைச் சமண உரையாசிரியர்கள் கோடுகளால் அளந்தார்கள்: நீர்மேல் கோடு, மணல்மேல் கோடு, நிலத்தில் கோடு, பாறையில் கோடு. கமடனுடையது பாறைக்கோடு. திரையில் நாம் மறக்காத வில்லன்களின் சினமும் அந்த வகையைச் சேர்ந்ததே. படம் முடிந்ததும் மறக்கப்படுபவர்களுடையது நீர்க்கோடு.

தமிழ்ச் சமணக் காப்பியங்களில் இது எப்படி உருப்பெற்றது? சீவக சிந்தாமணியில் மன்னன் சச்சந்தன் அரசி விசயையோடு இன்பத்தில் மூழ்கி ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிடுகிறான். விட்ட இடத்தில் துரோகம் முளைக்கிறது. விசயை மயிற்பொறியில் தப்பி, சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். கட்டியங்காரன் இல்லையென்றால் சீவகன் சுடுகாட்டில் பிறந்திருக்க மாட்டான். வணிகன் வீட்டில் வளர்ந்திருக்க மாட்டான். ஆனால் கதவைத் திறந்துவைத்தது நாயகனின் தந்தை. சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லன் வேறு மாதிரி. அவனுக்குப் பெயர்கூட இல்லை. கோவலனோடு முன்பகை எதுவும் இல்லை; தன் களவை மறைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவ்வளவு பெரிய அழிவின் பாரத்தை இந்தச் சிறியவன் தலையில் வைக்க முடியாது என்பதை இளங்கோ அறிந்திருந்தார். அதனால்தான் கட்டுரைகாதையில் மதுராபதி தெய்வம் முற்பிறவியைச் சொல்கிறது: கோவலன் பரதனாக இருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொல்வித்தான், சங்கமன் மனைவி நீலி சபித்தாள். கோவலனின் எதிரி பொற்கொல்லன் அல்லன். அவனுடைய எதிரி பரதன்.

இங்கிருந்து திரைக்கு வரும்போது, சித்தன்னவாசல் இருக்கும் புதுக்கோட்டை மண்ணிலேயே நமக்குச் சான்றுகள் கிடைக்கின்றன. 1942இன் 'கண்ணகி'யில் கோவலனாக நடித்த பி.யு. சின்னப்பா புதுக்கோட்டைக்காரர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இயக்கிய 'உத்தம புத்திர'னில் (1940) நல்லவனும் கெட்டவனுமாக இரட்டை வேடம் ஏற்றவர். தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம் என்று திரை வரலாற்றாசிரியர்கள் குறிப்பது அதையே. ஐரோப்பாவிலிருந்து வந்த இரும்பு முகமூடிக் கதைதான். ஆனால் தமிழ்ப் பார்வையாளர் அதை உடனே ஏற்றுக்கொண்டதற்கு, ஒரே வயிற்றில் பிறந்த இருவரின் பகையைக் கமடன் காலத்திலிருந்து கேட்டுப் பழகிய செவியும் ஒரு காரணம் என்பது என் துணிபு. ஒரே முகம் இரு மனிதர்களுக்கு இருக்கும்போது, வில்லனை முகத்தால் வெறுக்க முடியாது. செயலால்தான் வெறுக்க வேண்டும். இந்த ஒழுக்கப் பயிற்சியைச் சின்னப்பாவின் படம் ரசிகருக்குக் கொடுத்தது.

இன்னொரு புதுக்கோட்டைக்காரர் ஜெமினி கணேசன். காதல் மன்னன் என்று பெயரெடுத்த அவர், கே. ராம்நாத் இயக்கிய 'தாய் உள்ள'த்தில் (1952) வில்லன், நாயகன் ஆர்.எஸ். மனோகர். சில ஆண்டுகளில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மனோகர் திரையில் வில்லனாகவே நிலைத்தார். மேடையில் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தில் இராவணனை நாயகனாக்கினார். பிரதிவாசுதேவன் கொள்கையை மனோகர் படித்தாரா என்பது இங்கே பொருட்டல்ல. திரையில் தோற்றே தீர வேண்டிய ஒரு நடிகர், மேடையில் எதிரியின் மாண்பைத் தேடிப் போனார் என்பதே பொருட்டு. ஜெமினியும் கே. பாலசந்தரின் 'நான் அவனில்லை'யில் (1974) அதே கவர்ச்சிமிக்க முகத்தால் பெண்களை ஏமாற்றுபவராக வந்தார். அந்தப் படம் உறைப்பது, ஏமாற்றுக்காரனின் கருவியும் காதல் நாயகனின் கருவியும் ஒன்றே என்பதால்தான்.

என் அளவுகோலுக்கு எதிராக உடனே எழக்கூடிய பெயர் எம்.என். நம்பியார். அவர் பெரிய வில்லன் இல்லையா என்று கேட்பார்கள். 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யையும் 'ஆயிரத்தில் ஒருவ'னையும் எடுத்துக்கொள்வோம். உள்ளங்கைகளைத் தேய்ப்பதும், கண்ணின் ஓரத்தால் அளப்பதும், சொல்லைப் பல்லிடையில் நசுக்குவதும் தேர்ந்த கலை. ஆனால் தனிப் படமாகப் பார்த்தால், நம்பியார் இருந்த இடத்தில் பி.எஸ். வீரப்பாவையோ எஸ்.ஏ. அசோகனையோ வைத்தாலும் எம்.ஜி.ஆர். அப்படியே இருப்பார். நாயகனின் மேனியில் வடு விழாது என்பது அந்தப் படங்களின் உடன்படிக்கை. ஆகவே பாத்திரம் சிறியது, நடிகர் பெரியவர். எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படத்துக்குப் படம் தோற்று, மறுபடி வேறு பெயரில் எழுந்துவந்து அதே மனிதரை எதிர்த்த அந்த நீண்ட தொடரைப் பார்வையாளர் ஒரே கதையாகவே பார்த்தார்கள். தனிப் படங்களில் கிடைக்காத பிறவித் தொடர்ச்சி அந்தத் தொடரில் கிடைத்தது. நம்பியாரின் புகழுக்கு உண்மையான வேர் அங்கே இருக்கிறது.

முன்கதை இருந்தால் போதும், வில்லன் ஆழமாகிவிடுவான் என்று இன்றைய திரைக்கதைகள் நம்புகின்றன. ஏழைச் சிறுவன், அடித்த தந்தை, ஒரு பழைய அவமானம். பின்னோக்குக் காட்சி முடிந்தால் வேலை முடிந்தது. இது தவறான நம்பிக்கை. 'தி டார்க் நைட்' (2008) படத்தின் ஜோக்கருக்கு நம்பத்தக்க முன்கதையே இல்லை. தன் வடுக்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்கிறான். ஆனால் பேட்மேன் எதுவரை போகக்கூடியவன் என்பதை அவனன்றி வேறு யாராலும் வெளிக்கொண்டுவர முடியாது. வில்லனுக்கு வேண்டியது சோகமான குழந்தைப் பருவம் அன்று. நாயகனோடு ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு மிகத் துல்லியமாக எழுதப்பட்ட தமிழ்ப்படம், பரதன் இயக்கத்தில் கமல்ஹாசன் எழுதிய 'தேவர் மகன்' (1992). மாயன் பங்காளி வீட்டுப் பிள்ளை. பகை ஏற்கெனவே குடும்பத்துக்குள் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் படித்துவந்த சக்தி, பூட்டிய கோயிலைத் திறக்கவைக்கும் விளையாட்டுத்தனத்தில்தான் அது மறுபடி பற்றுகிறது. அதற்குத் துணைநின்ற இசக்கி கையை இழக்கிறான். சச்சந்தன் திறந்த கதவையே சக்தியும் திறக்கிறான். நாசர் மாயனை உறுமும் மிருகமாக்கவில்லை. தனக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று மெய்யாகவே நம்பும் மனிதனாக்கினார். முடிவில் மாயனைக் கொன்ற சக்தி, பழியை ஏற்கத் தயாராக நிற்கும் ஊர்க்காரரை மறுத்துச் சட்டத்திடம் தன்னை ஒப்படைக்கிறான். கொன்ற வாசுதேவனுக்கும் தண்டனை உண்டு.

'படையப்பா'வின் (1999) நீலாம்பரி இந்த ஒப்பீட்டுக்கு மிகவும் தேவையானவள். அவளுடைய கஷாயம் செருக்கு. 18 ஆண்டுகள் அறைக்குள் அடைந்துகிடந்து வளர்த்த பகை அது. சாகும்போதும் பணியாமல், அடுத்த பிறவியில் பழிதீர்ப்பதாகச் சொல்லித் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். கே.எஸ். ரவிக்குமார் கல்கியின் நந்தினியை மனத்தில் வைத்து அவளை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கோ அவள் நேராகக் கமடன் வம்சம். ரம்யா கிருஷ்ணன் அதற்கு ஈடுகொடுத்தார். ஆனால் மறுபக்கம் படம் கை நழுவவிடுகிறது. படையப்பாவிடம் கணக்கில் கழிக்க எதுவுமே இல்லை. அவள் பெருந்தன்மையாக மன்னிக்கப்படுகிறாள். அவன் மாறாமல் இருக்கிறான். நட்சத்திரத்தின் பிம்பத்தில் கீறல் விழக்கூடாது என்ற வணிகத் தேவையே இதற்குக் காரணம். தமிழில் பெரிய வில்லன்கள் அரிதாக இருப்பது நடிகர் பஞ்சத்தால் அல்ல. நரகத்துக்குப் போக நாயகர்கள் சம்மதிப்பதில்லை என்பதால்.

சம்மதித்தால் என்ன நடக்கும் என்பதை, புஷ்கர்-காயத்ரியின் 'விக்ரம் வேதா' (2017) காட்டியது. ரவுடி வேதா, காவல் அதிகாரி விக்ரமிடம் சரணடைந்து, கதைகளாகச் சொல்லி, என்கவுன்டர்களில் ஈடுபட்ட காவல் அணியின் கைகளில் இருக்கும் கறையை விக்ரமே கண்டுபிடிக்கும்படி செய்கிறான். விஜய் சேதுபதியின் தளர்ந்த நடையில் மிரட்டல் குறைவு, கேள்வி அதிகம். கடைசிக் காட்சியில் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்க, யார் சுட்டார்கள் என்று சொல்லாமலே படம் முடிகிறது. மாதவனின் விக்ரம், படத்தின் தொடக்கத்தில் இருந்த நிச்சயத்தோடு அந்த இடத்தில் நிற்கவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று கோடு கிழித்துப் பேசிய அதிகாரியை அங்கே தேடினால் கிடைக்க மாட்டார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவன் வேதா.