பிடித்த துறையும் கிடைத்த துறையும்

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு போன் வந்தபோது, எங்கள் வீட்டில் ஒரு பெரிய பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. ஹவுஸ் சர்ஜன் முடித்த என் தங்கை, மேல்படிப்புக்கு எந்தத் துறையை எடுப்பது என்பதுதான் வழக்கு. அவளுக்குப் பிடித்தது மகப்பேறு மருத்துவம். நீட் ரேங்க்குக்கு அது கிடைக்குமா என்பது சந்தேகம். "பிடிச்சது கிடைக்கலேன்னா, கிடைச்சதைப் படிச்சு என்னண்ணா பண்றது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் கண்முன்னே தீர்ந்துபோக, புரொடக்‌ஷன் இஞ்சினியரிங் சீட்டோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நம் கல்லூரிக்குள் நுழைந்தவன் நான். முதல் செமஸ்டர் முழுக்க என் புலம்பலைக் கேட்ட விடுதி நண்பர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள்! தங்கைக்கு அன்று சொன்ன வரலாற்றையே இங்கே எழுதுகிறேன்.

எட்டயபுரம் வட்டாரத்து வடமலாபுரத்தில், 1918-ம் ஆண்டு ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. சிறு வயதிலேயே உறவுக்காரப் பெண்கள் மூவர் பிரசவத்தையொட்டி இறந்ததைப் பார்த்தவர். டாக்டராக வேண்டும், அதுவும் பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். 1944-ம் ஆண்டு சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் விதி குறுக்கிட்டது. கடுமையான முடக்குவாதம். 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேல் படுத்த படுக்கை. விரல்கள் நிரந்தரமாகக் கோணிவிட்டன. முதலில் எழுந்து நிற்க, பிறகு நடக்க, பிறகு பேனா பிடிக்க என்று எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மகப்பேறு மருத்துவக் கனவு அத்தோடு முடிந்தது.

முப்பது வயதில், கோணல் விரல்களோடு ஒரு இளம் டாக்டர் எந்தத் துறையை எடுப்பார்? அவர் எடுத்தது கண் மருத்துவம். 1951-ல் டிப்ளமா, 1954-ல் எம்.எஸ். தன் விரல்களுக்குத் தோதான கருவிகளைச் செய்துகொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவரானார். ஊர் ஊராகக் கண் முகாம்கள் நடத்தினார். அந்த விரல்களால் ஒரே நாளில் நூறு பேருக்குக்கூட அறுவை செய்திருக்கிறார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல்!

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அந்த ஆண்டே மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கு இலவச சிகிச்சை என்பது ஏற்பாடு.

இனிதான் என் சப்ஜெக்ட் வருகிறது. அரவிந்த் அறுவை அரங்கில் டாக்டருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே, அடுத்ததில் அடுத்த நோயாளியை செவிலியர்கள் தயார் செய்துவிடுவார்கள். முடித்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும். நம் புரொடக்‌ஷன் வகுப்பில் 'ஐடில் டைம்' குறைப்பது என்று படித்தோமே, அதுவேதான்!

முன்பெல்லாம் புரை அறுவை என்றால் கண்ணின் லென்ஸை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தபோது, வெளிநாட்டுச் சரக்கின் விலை ஏழைக்கு எட்டவில்லை. 1992-ல் அவர்களே மதுரையில் ஆரோலேப் தொடங்கி, விலையைச் சுமார் பத்தில் ஒரு பங்காக்கினார்கள். லேத்தும் பாலிஷும் துல்லிய அளவும் சேர்ந்த தொழில் அது. டாக்டர் கேட்ட கேள்விக்கு வொர்க்‌ஷாப்பில் விடை கிடைத்தது. அந்த லென்ஸ்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. எல்லோரும் 'டாக்டர் வி' என்றழைத்த அவர், 2006 ஜூலை 7-ல் காலமானார்.

கதை முடிந்ததும் தங்கை கேட்டாள்: "அப்போ அவருக்குப் பிரசவ டாக்டர் ஆகலையேன்னு வருத்தமே இருந்திருக்காதாண்ணா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருந்திருக்கலாம். எனக்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல் ஒரு கண் இன்னும் இருக்கிறது. ஆனால், கிடைத்த துறைக்கு வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று அவர் பார்த்தார். நான் முதல் செமஸ்டர் முழுக்க, எனக்கு என்ன கிடைக்கவில்லை என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை விருப்பப் பட்டியலை அனுப்பிவிட்டாள். முதலிடம் மகப்பேறு, இரண்டாவது கண். எது வந்தாலும் சேர்ந்துவிடுவாளாம்.

இந்த ஆண்டு வேண்டாத பிரிவில் வந்து சேர்ந்து, விடுதி மாடியில் புலம்பிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே... புலம்புங்கள், தப்பில்லை. ஒரு செமஸ்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!